எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் குற்றவாளியா? ஜூரி தீர்ப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை செஷன்ஸ் கோர்ட்டில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். என் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கத்துத் தமிழர்கள். வழக்கைக் கூப்பிடும்வரை வராந்தாவில் காத்திருக்கும் நேரத்தில் ஜூரி பற்றிப் பேச்சு வராமல் இருப்பதில்லை. மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதியின் கதையைப் படமாகப் பார்த்தவர்கள் கேட்பார்கள். அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள், இலங்கைச் செய்திகளை விடாமல் படிப்பவர்கள் கேட்பார்கள். எங்கே தொடங்கினாலும் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது: ஒரு மனிதனைக் குற்றவாளி என்று சொல்ல எத்தனை பேர் ஒத்துக்கொள்ள வேண்டும்? எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. அதற்கு எதிரான வாதங்களையும் மறைக்காமல் கீழே எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

ஜூரின்னா யாரு மேடம்? ஜட்ஜுக்கு மேலயா, கீழயா?

மேலும் இல்லை, கீழும் இல்லை, அவர்கள் வேலை வேறு. ஜூரியில் உட்காருபவர்கள் சட்டம் படிக்காத சாதாரண ஜனங்கள். வாக்காளர் பட்டியல் போன்ற ஒன்றிலிருந்து பெயர்களை எடுத்து, வழக்கோடு சம்பந்தம் உள்ளவர்களைக் கழித்துவிட்டு மீதிப் பேரை உட்கார வைப்பார்கள். சாட்சிகள் சொல்வதையும் குறுக்கு விசாரணையையும் கேட்டுவிட்டு, "இவர் இதைச் செய்தாரா, இல்லையா" என்பதை அவர்கள் முடிவு செய்ய வேண்டும். எந்தச் சாட்சியத்தை ஏற்கலாம், சட்டம் என்ன சொல்கிறது, தண்டனை எவ்வளவு என்பதெல்லாம் பெரும்பாலும் ஜட்ஜின் பொறுப்பு. அமெரிக்காவில் மரண தண்டனை வழக்குகளில் தண்டனையிலும் ஜூரிக்குப் பங்கு உண்டு.

நம்ம நாட்டுல இப்ப ஜூரி இருக்கா, இல்லையா?

கிரிமினல் வழக்குகளில் இல்லை. 1973ஆம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரிக்கு இடமே வைக்கவில்லை. அது 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் ஜூரி கிடையாது.

நானாவதி வழக்கோடு ஜூரியை ஒழித்துவிட்டார்கள் என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. அந்த வழக்கு நடந்தது 1959இல். அதற்கு முந்தைய வருஷமே, 1958இல், சட்ட கமிஷன் தன் 14ஆவது அறிக்கையில் ஜூரி முறையை எடுத்துவிடச் சொல்லிவிட்டது. நானாவதி வழக்குக்குப் பிறகும் மேற்கு வங்கத்தில் ஜூரி விசாரணைகள் நடந்தன.

எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்கிற ரூல் எந்தெந்த நாட்டுல இருக்கு?

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜூரியில் இருக்கும் எல்லோரும், பெரும்பாலும் 12 பேர், ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்து அப்படித்தான் இருந்தது. 1967இல் 12இல் 10 பேர் சொன்னால், அதாவது 10–2 என்றாலே, போதும் என்று மாற்றினார்கள். ஆனால் அங்கேயும் எடுத்தவுடன் 10–2 கிடையாது. முதலில் எல்லோரும் ஒத்துப்போகப் பாருங்கள் என்று சொல்லித்தான் உள்ளே அனுப்புவார்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் 10 நிமிஷமாவது போன பிறகுதான் ஜட்ஜ் பெரும்பான்மைக்கு அனுமதி தர முடியும்.

ஸ்காட்லாந்து தனி ரகம். அங்கே ஜூரியில் 15 பேர், அதில் 8 பேர் சொன்னாலே குற்றவாளி என்று நெடுங்காலம் இருந்தது. 2025இல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் அதை மூன்றில் இரண்டு பங்காக உயர்த்தச் சட்டம் நிறைவேற்றியது. இலங்கையில் 7 பேர் ஜூரி, 5–2 போதும். ஜப்பானில் 2009 முதல் மூன்று ஜட்ஜும் ஆறு பொதுமக்களும் சேர்ந்து உட்கார்ந்து பெரும்பான்மையாக முடிவெடுக்கிறார்கள். அந்தப் பெரும்பான்மையில் ஒரு ஜட்ஜாவது இருக்க வேண்டும்.

அந்தக் காலத்து பம்பாய்ல எத்தனை பேர் சொன்னா போதும்?

ஹைகோர்ட்டில் நடந்த ஜூரி விசாரணைக்கு 9 பேர். 1898ஆம் வருஷச் சட்டப்படி அதில் 6 பேர் ஒரே கருத்தாக இருந்து, ஜட்ஜும் அவர்களோடு ஒத்துப்போனால் அதுவே தீர்ப்பு. இந்த விதி என்ன செய்தது என்பதைப் பார்க்க மும்பைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பம்பாய் ஹைகோர்ட்டில் 46ஆம் எண் கோர்ட் அறைக்கு வெளியே பாலகங்காதர திலகர் சொன்ன வார்த்தைகளைக் கல்வெட்டாகப் பதித்திருக்கிறார்கள். ஜூரி என்ன சொன்னாலும் நான் நிரபராதிதான் என்று அவர் 1908 ஜூலையில் அந்தக் கோர்ட்டில் நின்று சொன்னதுதான் அது.

அன்று ஜூரியில் இருந்தவர்கள் ஏழு ஐரோப்பியர்கள், இரண்டு இந்தியர்கள். ஏழு பேர் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். வழக்கு திலகரின் 'கேசரி' பத்திரிகையில் மராத்தியில் வந்த கட்டுரைகளைப் பற்றியது. மராத்தி தெரியாதவர்கள் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அதில் ராஜத்துரோகம் இருக்கிறதா என்று முடிவு செய்தார்கள். ஜட்ஜ் தாவர் ஏழு பேரோடு ஒத்துப்போனார். ஆறு வருஷம் தீவாந்தர சிட்சை, அதாவது நாடு கடத்தல்; திலகர் பர்மாவில் மாண்டலே சிறைக்குப் போனார். மும்பை மில் தொழிலாளிகள் வருஷத்துக்கு ஒரு நாள் என்று ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு 11 வருஷம் முன்பு, 1897இல், இதே பம்பாயில் திலகர் மேல் நடந்த முதல் ராஜத்துரோக வழக்கிலும் ஜூரி 6–3 என்றுதான் பிரிந்தது. அப்போதும் அவரைத் தண்டித்தார்கள்.

எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி அன்று இருந்திருந்தால் இந்த இரண்டு தண்டனைகளும் அந்த ஜூரியால் விழுந்திருக்காது. அந்த ஏழு பேர் அந்த இரண்டு பேரிடம் பேசியே ஆக வேண்டியிருக்கும். 7–2 போதும் என்ற பிறகு எதற்குப் பேச வேண்டும்?

நானாவதி கேஸ்ல 8–1ன்னு விடுதலைன்னாங்களே, அதையும் சொல்லுங்க.

சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது என் கட்சிக்குச் சுலபமான வழக்கு இல்லை. 1959 ஏப்ரல் 27, கடற்படைக் கமாண்டர் கவாஸ் நானாவதி தன் மனைவியோடு உறவு வைத்திருந்த பிரேம் அஹூஜாவை அவர் வீட்டுப் படுக்கையறையில் சுட்டார். மூன்று குண்டுகள். துப்பாக்கிக்காக நடந்த கைகலப்பில் தவறி வெடித்தது என்பது நானாவதி தரப்பு வாதம். அஹூஜா அப்போதுதான் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வந்திருந்தார். செத்துக் கிடந்தபோதும் அந்தத் துண்டு இடுப்பிலேயே இருந்தது. இரண்டு ஆண்கள் கட்டிப் புரண்டு சண்டை போட்டிருந்தால் துண்டு நின்றிருக்குமா என்று அரசுத் தரப்பு கேட்டது.

ஊரே நானாவதி பக்கம் நின்றது. 'பிளிட்ஸ்' பத்திரிகை வாரா வாரம் அவருக்காக எழுதியது. ஜூரியில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள், ஒருவர் மட்டும் குற்றவாளி என்றார். செஷன்ஸ் ஜட்ஜ் மேத்தா அந்த முடிவை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஹைகோர்ட் 1960 மார்ச்சில் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, சுப்ரீம் கோர்ட் 1961 நவம்பரில் அதை உறுதி செய்தது. 1964இல் கவர்னர் விஜயலட்சுமி பண்டிட் மன்னிப்பு வழங்கினார்.

கடைசியில் சட்டப்படி நின்றது அந்த ஒற்றை ஆள் சொன்னதுதான். ஊர் முழுக்க ஒரு பக்கம் நிற்கும்போது, பத்திரிகை முழுக்க ஒரு பக்கம் எழுதும்போது, அந்தத் துண்டைப் பற்றி யோசித்த ஒருவர் அந்த அறையில் இருந்திருக்கிறார். மற்ற எட்டுப் பேருக்கு அவர் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனதுதான் எனக்கு உறுத்துகிறது.

தியாகராஜ பாகவதர், கலைவாணர் கேஸும் ஜூரிதானாமே?

ஆமாம். 1944இல் சென்னையில் நடந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. சென்னை ஹைகோர்ட்டில் ஜூரி விசாரித்து எம்.கே.தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் குற்றவாளி என்றது, 1945இல் தீவாந்தர சிட்சை விதித்தார்கள். வழக்கு அப்போதைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947இல் இருவரும் விடுதலை ஆனார்கள். அதற்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் ஜெயிலில் போய்விட்டது. பாகவதரின் சினிமா வாழ்க்கை பழையபடி எழுந்திருக்கவே இல்லை. அங்கேயும் சட்டம் கேட்டது முன்பு சொன்ன அதே ஆறு பேரைத்தான்.

எலெக்‌ஷன்ல ஒரு ஓட்டு கூடினாலே ஜெயிச்சாச்சு. இதுல மட்டும் பத்துப் பேர் சொல்றது ஏன் போதாது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டி மீட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் இந்த வருஷமா, அடுத்த வருஷமா என்று கை தூக்கச் சொல்வார்கள். அங்கே கேள்வி "நமக்கு எது வேண்டும்" என்பது. விருப்பத்தை எண்ணலாம். தோற்றவர்கள் அடுத்த வருஷம் மறுபடி பேசலாம்.

கோர்ட்டில் கேள்வியே வேறு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். ஒரே சாட்சியத்தை, ஒரே நாற்காலி வரிசையில் உட்கார்ந்து கேட்ட பன்னிரண்டு பேரில் இரண்டு பேருக்கு, நாள் கணக்கில் பேசிய பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், சந்தேகத்துக்கு இடமில்லை என்று எந்த வாயால் சொல்வது? அந்த இரண்டு பேரும் முட்டாள்கள் என்று வைத்துக்கொண்டால்தான் அப்படிச் சொல்ல முடியும். அவர்கள் முட்டாள்கள் என்றால் மற்ற பத்துப் பேரையும் அதே குடத்திலிருந்துதானே எடுத்தோம்?

ஆயிரம் குற்றவாளிகள் தப்பிக்கலாம், ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது என்று எல்லோரும் வாயால் சொல்கிறோம். அதைக் கோர்ட் அறைக்குள் நடைமுறையாக மாற்றுகிற விதிகள் கொஞ்சம்தான். ஒருமனது, அதாவது எல்லோரும் ஒத்துக்கொள்வது, அதில் ஒன்று.

ஒரே ஒருத்தன் வம்புக்குன்னே மாட்டேன்னு உட்கார்ந்தா? இல்ல காசு வாங்கிட்டு உட்கார்ந்தா?

நியாயமான பயம். இங்கிலாந்து 1967இல் விதியை மாற்றியதே இதனால்தான். பெரிய ரௌடிக் கும்பல்கள் ஜூரியில் ஓரிருவரைப் பயமுறுத்தியோ விலைக்கு வாங்கியோ வழக்கைக் கெடுக்கின்றன என்று சொல்லப்பட்டது.

ஆனால் நடைமுறையில் ஒற்றை ஆள் பிடிவாதம் எவ்வளவு வழக்கைக் கெடுக்கிறது? சிகாகோவில் கால்வென், ஜைசல் என்ற இருவர் 3,500க்கு மேற்பட்ட ஜூரி வழக்குகளை வைத்துச் செய்து 1966இல் வெளியிட்ட ஆய்வில், முடிவே எடுக்க முடியாமல் போனவை ஐந்தரை சதவீதம். அதிலும் முதல் வாக்கெடுப்பில் ஒரே ஒருவர் மட்டும் எதிராக இருந்தால் அவர் கடைசிவரை நிற்பது அபூர்வம்; ஆரம்பத்திலேயே மூன்று நான்கு பேராவது எதிர்ப்பக்கம் இருந்த வழக்குகளில்தான் ஜூரி பெரும்பாலும் முடிவுக்கு வராமல் தொங்கியது. பணம் வாங்கினால் அதற்குத் தனிக் குற்றம், தனி விசாரணை உண்டு. ஜூரியைப் பாதுகாக்க வழி தேட வேண்டுமே தவிர, நேர்மையாகச் சந்தேகப்படுகிறவரையும் சேர்த்து ஓரம் கட்டக் கூடாது.

கடைசிவரைக்கும் ஒத்துக்கலைன்னா? உள்ளயே பூட்டி வெச்சுருவாங்களா?

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் சோறு தண்ணீர் கொடுக்காமல் வைத்த கதை உண்டு. இப்போது இல்லை. இன்னும் கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்று ஜட்ஜ் சொல்லிப் பார்ப்பார். முடியாது என்று தெரிந்தால் ஜூரியைக் கலைத்துவிடுவார். அது விடுதலை அல்ல. அரசுத் தரப்பு விரும்பினால் புது ஜூரி வைத்து மறுபடி விசாரிக்கலாம். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்ற விதி இதற்குத் தடை இல்லை என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1824இலேயே சொல்லிவிட்டது.

ஒத்தை ஆளா நின்னவரு வீட்டுக்குப் போனா போதும்னு தலையாட்டிருவாரு. அது ஒருமனதா?

இல்லை. இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான். அமெரிக்காவில் 1896 முதல், முடிவுக்கு வராத ஜூரியிடம் "சிறுபான்மையில் இருப்பவர்கள் தங்கள் கருத்தை மறுபடி யோசியுங்கள்" என்கிற பாணியில் ஜட்ஜ் அறிவுரை சொல்லும் வழக்கம் இருக்கிறது. அதில் ஒரு மிரட்டல் வாசனை இருக்கிறது என்று சில மாநிலங்கள் அதைத் தடுத்துவிட்டன. அது சரியென்றே நினைக்கிறேன். யோசிக்கச் சொல்வதென்றால் இரண்டு பக்கத்தையும் யோசிக்கச் சொல்ல வேண்டும்.

இருந்தாலும் பெரும்பான்மை விதியில் நடப்பது இதைவிட மோசம். ரீட் ஹேஸ்டி என்ற உளவியல் ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் ஒரே வழக்கைப் பல ஒத்திகை ஜூரிகளுக்குக் காட்டி, சிலருக்கு 12–0, சிலருக்கு 10–2, சிலருக்கு 8–4 என்று விதி வைத்துப் பார்த்தார்கள். 1983இல் வந்த முடிவு: பெரும்பான்மை போதும் என்ற குழுக்கள் சீக்கிரம் முடித்தன, முதலிலேயே வாக்கெடுத்தன, எண்ணிக்கை தேறியதும் பேச்சை நிறுத்தின. சிறுபான்மையினர் குறைவாகவே பேசினார்கள். எல்லோரும் வேண்டும் என்ற குழுக்கள் சாட்சியத்தை அதிகம் அலசின. தலையாட்டுவதற்கு முன்னாலாவது அவர் பேச்சைக் கேட்கிறார்கள்.

என் பொண்ணுக்கு நியூ ஜெர்சில ஜூரி சம்மன் வந்திருக்கு. அவ மட்டும் தனியா நின்னா பிரச்சினை ஆகுமா?

ஆகாது. அவர் என்ன முடிவு சொன்னார் என்பதற்காக யாரும் தண்டிக்க முடியாது. உள்ளே போகும்போது மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: முதல் வாக்கெடுப்பு சீக்கிரம் வேண்டாம், முதலில் பேசலாம் என்று கேட்கலாம். புரியாத சட்டக் கேள்வி இருந்தால் ஜட்ஜுக்குச் சீட்டு எழுதி அனுப்பலாம். வெளியில் இணையத்தில் தேடக் கூடாது, உங்களிடம்கூட வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. நீங்களும் போன் போட்டுத் துருவாதீர்கள். தீர்ப்பைப் படித்த பிறகு, ஒவ்வொருவரையும் தனித்தனியாக "இது உங்கள் தீர்ப்பா" என்று கேட்கும் வழக்கமும் உண்டு. மனசு ஒப்பவில்லை என்றால் அந்த நேரத்தில்கூட இல்லை என்று சொல்லலாம்.

அமெரிக்கால ரெண்டு மாநிலத்துல மட்டும் வேற மாதிரி இருந்துச்சாமே, ஏன்?

லூசியானா, ஓரிகன். லூசியானாவில் 1898இல் புது அரசியல் சட்டம் எழுதியவர்கள் வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநாட்டுவதே நோக்கம் என்று வெளிப்படையாகப் பேசினார்கள். கறுப்பின மக்களை ஜூரியிலிருந்து அடியோடு விலக்க முடியாது. அதனால் உள்ளே விட்டுவிட்டு, 12இல் 9 பேர் போதும் என்று வைத்தார்கள். ஓரிரு கறுப்பின ஜூரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் சொல்வது கணக்கில் வராது. பிறகு அதை 10 ஆக்கினார்கள். ஓரிகன் 1934இல் 10–2 கொண்டுவந்தது. யூதர் ஒருவர் மேல் நடந்த வழக்கில் ஒரே ஜூரர் கொலைக் குற்றத்துக்கு ஒத்துக்கொள்ளாததால் எழுந்த கோபம் அதற்குப் பின்னால் இருந்தது.

லூசியானா மக்கள் 2018இல் வாக்களித்து அந்த விதியை மாற்றினார்கள், 2019 ஜனவரி முதல் நடக்கும் குற்றங்களுக்கு மட்டும். 2020 ஏப்ரலில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ராமோஸ் வழக்கில், எந்த மாநிலமானாலும் பெரிய குற்றங்களுக்கு ஒருமனது வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் மேல்முறையீடெல்லாம் முடிந்துபோன பழைய வழக்குகளைத் திறக்கத் தேவையில்லை என்று 2021இல் அதே கோர்ட் சொல்லிவிட்டது. 10–2 என்று தண்டிக்கப்பட்டு இன்னும் உள்ளே இருப்பவர்களுக்கு அது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. ஓரிகனின் மேல்கோர்ட் மட்டும் 2022இல் பழைய வழக்குகளுக்கும் கதவைத் திறந்தது. திலகரின் ஜூரியில் இருந்த அந்த இரண்டு இந்தியர்களையும் லூசியானாவின் கறுப்பின ஜூரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பான்மை போதும் என்பது யாருக்கு வசதி என்று தெரியும்.

ஒருமனது வேணும்னு சொன்ன அந்தத் தீர்ப்பே 6–3 தானே மேடம்?

கெட்டிக்காரக் கேள்வி. ஆமாம், 6–3 தான். சட்டத்துக்கு என்ன அர்த்தம் என்பதில் கற்றவர்கள் மாறுபடலாம். ஏதோ ஓர் அர்த்தத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், காரணத்தை எழுத்தில் கொடுத்தாக வேண்டும், நாளை இன்னொரு பெஞ்ச் அதைத் திருத்தலாம். ஒரு மனிதன் ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சந்தில் இருந்தானா என்பதை அப்படித் தேர்ந்தெடுக்க முடியாது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றுதான் விட வேண்டும். ஜூரி காரணமும் எழுதுவதில்லை. காரணம் எழுதாதவர்களுக்கு எண்ணிக்கையிலாவது கண்டிப்பு வேண்டும்.

ஒருமனது இருந்தா நிரபராதி மாட்டுறதுதான் அதிகம்னு கணக்கு போட்டுக் காட்டியிருக்காங்களாமே?

ஃபெடர்சன், பெசன்டார்ஃபர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1998இல் எழுதியது. சுருக்கமாக அவர்கள் வாதம்: "மற்ற பதினோரு பேரும் குற்றவாளி என்றால்தான் என் வாக்குக்கு மதிப்பு, பதினோரு பேர் அப்படி நினைத்தால் என் சந்தேகம்தான் தவறாக இருக்கும்" என்று ஒவ்வொருவரும் நினைத்துத் தன் சந்தேகத்தை விழுங்கிவிடுவார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது வாக்களிப்பதற்கு முன் ஜூரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதைக் கணக்கில் எடுக்கவில்லை. பேச்சைச் சேர்த்தால் முடிவு மாறுகிறது என்று 2000இல் கோக்லன் என்பவர் காட்டினார். ஜூரி அறையில் நடப்பதே பேச்சுதான்.

எல்லாருமே ஒரே இனத்து ஆளா இருந்தா ஒருமனதுக்கு என்ன மதிப்பு?

மதிப்பு ரொம்பக் குறைவு. இந்தக் கேள்வியைக் கேட்டவர் இலங்கையை மனதில் வைத்துக் கேட்டார். அங்கே குற்றம் சாட்டப்பட்டவர் எந்த மொழி ஜூரி வேண்டும் என்று கேட்டுப் பெறலாம். 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ் எம்.பி. நடராஜா ரவிராஜ் வழக்கில் 2016 டிசம்பரில் சிங்களம் பேசும் ஜூரி, விசாரணையில் இருந்தவர்களை விடுவித்தது. தமிழர்கள் கொல்லப்பட்ட 1996 குமாரபுரம் படுகொலை வழக்கிலும் அனுராதபுரத்தில் ஜூரி 2016 ஜூலையில் ராணுவத்தினர் ஆறு பேரை விடுவித்தது. செத்தவர்களின் மொழி பேசுகிற ஒருவர்கூட உட்காராத அறையில் எண்ணிக்கை விதி எதுவாக இருந்தால் என்ன?

முதலில் ஜூரி கலந்திருக்க வேண்டும். கலந்திருந்தால்தான் ஒருமனது வேலை செய்யும். ஒருமனது இருந்தால்தான் கலந்திருப்பதற்கும் பயன். இல்லாவிட்டால் லூசியானா கதைதான்.

குற்றவாளின்னு சொல்ல எல்லாரும் வேணும், சரி. விடுதலைக்கும் எல்லாரும் வேணுமா?

அமெரிக்காவில் பொதுவாக இரண்டுக்கும் வேண்டும். இதில் எனக்கு இரண்டு மனசு. ஆறு பேருக்குச் சந்தேகம் இருந்தாலே சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அனுப்பலாமே என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. நானாவதி வழக்கு மறுபக்கம் இழுக்கிறது. ஊரெல்லாம் கொண்டாடுகிற ஒருவர் கொலை செய்தால், ஊர் கூடி விடுதலை செய்துவிடுவதற்குத் தடையாக அந்த ஒற்றை ஆள்தான் நிற்கிறார். செத்தவருக்காக அந்த அறையில் வேறு யாரும் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் ஒருமனது வேண்டும், முடியாவிட்டால் புது ஜூரி என்பதையே ஏற்கிறேன். ஆனால் பெரும்பாலோர் விடுதலை என்று சொல்லி ஜூரி தொங்கினால், அரசு மறுபடி வழக்கு நடத்துவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

பறிகொடுத்த குடும்பத்துக்கு என்ன பதில்? அவங்க எத்தனை தடவை கோர்ட் ஏறணும்?

இதற்கு இதமான பதில் என்னிடம் இல்லை. தொங்கு ஜூரி என்றால் மறுவிசாரணை, சாட்சிகள் மறுபடி கூண்டில் ஏற வேண்டும். மகனைப் பறிகொடுத்த தாய் அதே கேள்விகளுக்கு மறுபடி பதில் சொல்ல வேண்டும். ஃப்ளோரிடாவில் 2018 பிப்ரவரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் 17 பேரைச் சுட்டுக் கொன்றவன் குற்றத்தை ஒத்துக்கொண்டான். மரண தண்டனையா என்பதில் ஜூரி 9–3 என்று பிரிந்ததால் ஆயுள் தண்டனை ஆனது. பெற்றோர்களின் கோபத்தை அடுத்து, அந்த மாநிலம் 2023இல் மரண தண்டனைக்கு 8–4 போதும் என்று சட்டம் போட்டது. அந்தப் பெற்றோரின் கோபத்தில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சட்டம் அந்த ஒருவனோடு நிற்காது. குற்றத்தை மறுக்கிறவர்களுக்கும், ஆள் மாறிப் பிடிபட்டவர்களுக்கும் அதே 8–4 தான்.

மும்பைல இன்னமும் ஜூரி இருக்குன்னு ஒரு பார்சி நண்பர் சொன்னாரே?

உண்மைதான், ஆனால் கிரிமினல் வழக்குக்கு அல்ல. 1936ஆம் வருஷப் பார்சி திருமணச் சட்டப்படி பார்சி விவாகரத்து வழக்குகளில் சமூகத்தைச் சேர்ந்த பிரதிநிதிகள் ஜட்ஜோடு உட்காருவார்கள். முன்பு ஏழு பேர், 1988 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து பேர். நடந்தது என்ன என்பதை அவர்கள் பெரும்பான்மையாக முடிவு செய்வார்கள். சிவில் வழக்கில் எந்தப் பக்கம் கனம் அதிகம் என்று பார்த்தால் போதும், அதனால் அங்கே பெரும்பான்மை எனக்குத் தப்பாகப் படவில்லை.

அப்ப நம்ம நாட்டுல ஜூரியைத் திரும்பக் கொண்டு வரணும்கிறீங்களா?

இல்லை. சாதியும் மதமும் மொழியும் பணமும் ஜூரி அறைக்குள் வந்து உட்காரும் என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது. வாட்ஸப்பில் தீர்ப்பு எழுதிவிடும் காலத்தில் நானாவதி காலத்துப் பத்திரிகை எவ்வளவோ தேவலை. காரணம் எழுதித் தருகிற ஜட்ஜ் இருந்தால் அப்பீலில் அந்தக் காரணத்தையாவது உடைக்கலாம்.

ஜூரியே வேண்டாம்னா இந்த ஒருமனது பேச்சு நமக்கு எதுக்கு?

நம் நாட்டில் தூக்குத் தண்டனையைப் பெரும்பான்மையில் உறுதி செய்ய முடியும் என்பதால். ஹைகோர்ட்டில் இரண்டு ஜட்ஜ் மாறுபட்டால் மூன்றாவது ஜட்ஜ் சொல்வது தீர்ப்பு. சுப்ரீம் கோர்ட்டில் அரசியல் சட்டத்தின் 145ஆவது பிரிவுப்படி பெரும்பான்மை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999இல் சுப்ரீம் கோர்ட் நளினியின் தூக்கை உறுதி செய்தது 2–1 என்றுதான். ஜட்ஜ் கே.டி.தாமஸ் அவருக்குத் தூக்கு வேண்டாம் என்று எழுதினார். 2000இல் தமிழ்நாடு கவர்னர் அதை ஆயுளாகக் குறைத்தார், 2022 நவம்பரில் நளினி வெளியே வந்தார். 2002இல் தேவேந்தர் பால் சிங் புல்லர் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே: ஜட்ஜ் எம்.பி.ஷா அவர் குற்றவாளியே இல்லை என்று எழுதினார், மற்ற இருவர் தூக்கை உறுதி செய்தார்கள். 2014இல்தான் அது ஆயுளாகக் குறைந்தது. சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஒருவருக்கே இவர் குற்றவாளி இல்லை என்று படுகிறபோது, சந்தேகத்துக்கு இடமில்லை என்று எப்படிக் கயிற்றை மாட்ட முடியும்?

ஜூரி தேவையில்லை, அரசியல் சட்டத்தைத் தொடவும் தேவையில்லை என்பது என் கணிப்பு. இப்போதைய நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும்: ஹைகோர்ட்டிலோ சுப்ரீம் கோர்ட்டிலோ பெஞ்சில் உள்ள ஜட்ஜுகளில் ஒருவர் குற்றத்திலோ தூக்கிலோ மாறுபட்டு எழுதினாலும் அந்த வழக்கில் மரண தண்டனை விதிக்கக் கூடாது.